குறைப் பட்டியலில் முதல் குறை நான்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி வைத்தாயா? அடுத்த வரியில் நானும் நலம் என்று எழுத வேண்டும். எழுதினால் பொய். ஆகவே மூட்டு வலி எப்படி இருக்கிறது, மாத்திரையை வேளாவேளைக்குப் போடுகிறாயா, அடுப்பின் இடது பர்னரைச் சரிபார்த்தாயா என்கிற மரியாதைக் கேள்விகளை எல்லாம் ஒரே மூச்சில் கேட்டாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஏன் கடிதம் என்று நீ கேட்கலாம். உன் போன்தான் காரணம். மூன்று வாரமாக உன்னைக் கூப்பிட்டால், நீ வேறொரு அழைப்பில் இருப்பதாக ஒரு பெண் சொல்கிறாள். எனக்கு அவள் குரல் மனப்பாடம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, அத்தான் போன பிறகு வீட்டில் நீயும் நாலு சுவரும், காலை பத்தரை மணிக்கு உன்னோடு அப்படி யார்தான் பேசுகிறார்கள்? தப்பித் தவறி எடுத்தாலும், "அப்புறம் பேசறேன்டி, கொஞ்சம் வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். என்ன வேலை? மெசேஜ் போட்டால் கட்டை விரலை அனுப்புகிறாய். என் பிழைப்பே தலைகீழாகக் கிடக்கிறது என்று ஆறு வரி எழுதியதற்கும் ஒரு கட்டை விரல். அதனால்தான் தாளும் பேனாவும் தபால்தலையும். கடிதத்திடம் அந்தப் பெண்ணின் ஜம்பம் பலிக்காது.

அக்கா, என் நிறுவனத்தை விற்கச் சொன்னது நீ. இதை முதலில் எழுத்தில் பதிவு செய்கிறேன், பின்னால் இல்லை என்று சொல்லக்கூடாது. போன வருஷம் நான் வந்திருந்தபோது, மாடி அறை ஜன்னலைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "எத்தனை நாளைக்குடி ஊர்ல இருக்கறவங்க உட்கார நாற்காலி போட்டுக் கொடுத்துக்கிட்டு இருப்ப? வித்துட்டு இங்க வந்துடு. இந்த ரூம் சும்மாத்தான கெடக்கு." சும்மா கிடக்கிற அறைக்கு எதற்குப் புதுத் திரைச்சீலை என்று நான் கேட்கவில்லை. யோசிக்கிறேன் என்றேன். யோசித்தேன். நாற்பத்தேழு வயது, கல்யாணம் என்ற ஒன்று வந்து ஆறு வருஷம் இருந்து போன வீடு, மிச்சமிருப்பது இந்த நிறுவனம். விற்றால் என்னவாம் என்று தோன்றியது. என் புத்தி அன்று எங்கே போயிருந்தது என்று இன்றுவரை தேடுகிறேன்.

நான் என்ன தொழில் செய்கிறேன் என்று உன் பக்கத்து வீட்டுக்காரியிடம் நீ சொன்ன லட்சணம் எனக்குத் தெரியும். "ஏதோ பெஞ்ச் போடற வேலை" என்றாயாம். இல்லை அக்கா. மருத்துவமனை, வங்கி, அலுவலகம் என்று மனிதர்கள் காத்திருக்கிற இடங்களுக்குப் போய், ஏன் அவர்களுக்கு எரிச்சல் வருகிறது என்று பார்த்து, எதை மாற்றினால் வராது என்று சொல்வது என் தொழில். பதினைந்து வருஷம். பூட்டுக்கடைக்கு மேலே இரண்டு அறை, பதினேழு படி, என்னையும் சேர்த்து மூன்று பேர். பன்னிரண்டு வருஷமாக என்னோடு இருக்கும் கோப்பம்மாவை உனக்குத் தெரியும்; எந்தத் தாள் எந்தக் கோப்பில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். இன்னொருவர் டேப். இடுப்பில் அளவு நாடாவோடுதான் பிறந்தார். ஓர் அறைக்குள் போனால் வணக்கம் சொல்வதற்கு முன்னால் சுவரை அளந்துவிடுவார். இவ்வளவுதான் என் சாம்ராஜ்யம்.

விற்கிறேன் என்று சொன்னதும் கடைக்குப் போய்ப் பல்பு விற்கிற மாதிரி விற்றுவிட முடியாதாம். விற்பனைக்கு முன்னால் நிறுவனத்தைத் தயார் செய்ய வேண்டுமாம். அதற்கென்றே ஒருவர் இருக்கிறார். வாங்குகிறவர் கண்ணுக்கு லட்சணமாகத் தெரியும்படி நிறுவனத்துக்குப் பவுடர் பூசுவது அவர் வேலை. ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறவளுக்கே ஆலோசனை சொல்ல வந்த ஆலோசகர். நான் அவருக்கு ஒப்பனைக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். பளபள ஷூ. பதினேழு படியையும் ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே இரண்டு அறையையும் சுற்றிப் பார்த்தார். நான்கு நாள் உட்கார்ந்து எல்லாக் கோப்பையும் புரட்டினார். ஐந்தாம் நாள் என் எதிரே உட்கார்ந்தார்.

"மேடம், உங்க நிறுவனத்துல பெரிய குறை என்னன்னு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"நீங்கதான்."

கோப்பம்மா தட்டச்சை நிறுத்தினாள். டேப் நாடாவைச் சுருட்டுவதை நிறுத்தினார். ஒப்பனைக்காரர் மட்டும் நிறுத்தவில்லை.

"எல்லாம் உங்க தலைக்குள்ள இருக்கு. வாங்கறவர் உங்க தலையையா வாங்குவார்? நாளைக்கு உங்களுக்கு மூணு வாரம் காய்ச்சல்னு வைங்க..."

"எனக்குக் காய்ச்சலே வராது."

"வந்துதுன்னு வைங்க."

"மூணு வாரமா? அது என்ன காய்ச்சல்?"

"ஒரு பேச்சுக்கு மேடம்."

"உங்க பேச்சுக்கு நான் எதுக்குப் படுத்துக்கணும்?"

அவர் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபம். ஒரு தாளை நீட்டினார். விற்பனைக்கு முன் களைய வேண்டிய குறைகள். ஒன்று, உரிமையாளர். இரண்டு, மாடிப்படி விளக்கு. மூன்று, கழிவறைத் தாழ்ப்பாள். பார்த்தாயா அக்கா, தாழ்ப்பாளுக்கு மேலே நான். விளக்கை அன்றைக்கே மாற்றினோம், தாழ்ப்பாளை மறுநாள் மாற்றினோம். பட்டியலில் நான் மட்டும் மிச்சம்.

என்னைக் களைவதற்கு அவர் இரண்டு வழி சொன்னார். முதல் வழி, எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரு கையேடாக எழுதுவது. எழுதினேன். இரண்டு மாதம் எழுதினேன். உனக்குத் தெரிந்ததை நீ எப்போதாவது எழுதிப் பார்த்திருக்கிறாயா? எழுத உட்கார்ந்தால், நமக்குத் தெரியும் என்று நினைத்திருந்த பாதி விஷயம் காணாமல் போகிறது. தெரியாது என்று நினைத்திருந்தது எங்கிருந்தோ வந்து நிற்கிறது. ஒருவர் எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது அக்கா, முகம் நடிக்கும். பையைப் பார்க்க வேண்டும். பை மடியில் இருந்தால் பத்து நிமிஷம். பக்கத்து நாற்காலிக்குப் போயிருந்தால் அரை மணி. தரைக்கு இறங்கிவிட்டதென்றால் இனி சண்டைதான், வரவேற்பு மேசையில் இருப்பவரை உள்ளே போகச் சொல்லிவிட வேண்டும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை; எனக்கே எழுதும்போதுதான் தெரிந்தது. ஐம்பத்தெட்டாம் பக்கம்.  பதினைந்து வருஷமாக நான் மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன், பைகளைத்தான் பார்த்திருக்கிறேன்.

நூற்று அறுபத்து நாலு பக்கம் முடித்துக் கொடுத்தால், ஒப்பனைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "முதல் பக்கத்துல அவசர நம்பர்கள் இல்லையே மேடம்" என்றார். சரி என்று அதையும் போட்டேன். தண்ணீர் கசிந்தால் குழாய்க்காரர், பூட்டு சிக்கினால் கீழ்க்கடைக்காரர், மின்சாரம் போனால் இன்னார், உரிமையாளரை எட்ட முடியாத நிலை என்றால் சொந்தத்தில் யாராவது ஒருவர் என்று ஒரு கட்டம், அதில் உன் நம்பர், ஆக மொத்தம் ஒன்பது நம்பர். மனுஷன் அதற்குப் பிறகுதான் சிரித்தார்.

இரண்டாவது வழி இருக்கிறதே, அதுதான் என் வயிற்றெரிச்சல். இருபத்தொரு நாள் நான் அலுவலகத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. அவர்களும் என்னைக் கூப்பிடக்கூடாது, நானும் அவர்களைக் கூப்பிடக்கூடாது. வாங்க வந்திருப்பவர் அந்த இருபத்தொரு நாளும் தன் ஆளை அனுப்பி வேடிக்கை பார்ப்பார். நான் இல்லாமல் நிறுவனம் நடந்தால் வாங்குவார். வாங்க வந்தவர் யார் தெரியுமா? நாற்காலிக்காரர். மூன்று தொழிற்சாலை. காத்திருப்பைக் குறையுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லி வந்தவளின் நிறுவனத்தை, காத்திருப்பவர்களுக்கு நாற்காலி விற்பவர் வாங்க வருகிறார். கையேட்டில் நாற்பத்து மூன்று இடத்தில் 'நாற்காலிகளைக் குறைக்கவும்' என்று எழுதியிருக்கிறேன், அதை அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க" என்றார்.  நல்ல மனுஷராகத்தான் தெரிகிறார், அதனால் திட்டவும் வாய் வரவில்லை.

கோப்பம்மாவும் டேப்பும் என் எதிரே நின்று, கையேட்டின் மேல் கைவைக்காத குறையாக, "கூப்பிட மாட்டோம் மேடம்" என்றார்கள். எனக்குள் ஒரு சிரிப்பு. ரெண்டு நாள் தாங்குவார்களா? தண்ணீர் கேன்காரர் வந்தால்கூட என்னைக் கேட்டுத்தான் எத்தனை கேன் என்று சொல்வார்கள்.

முதல் நாள் போன் வரவில்லை. சரி, பயம். இரண்டாம் நாள் வரவில்லை. சரி, ரோஷம். மூன்றாம் நாள் என் போன் வேலை செய்கிறதா என்று லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். மணி அடித்தது. எடுத்து, "ஹலோ" என்று வேறு சொன்னேன். நாலாம் நாள் உன்னைக் கூப்பிட்டால் நீ வேறொரு அழைப்பில். ஐந்தாம் நாள் காலை ஒரு விஷயம் கவனித்தேன். நான் ஹாலில் வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எங்கும் போகப்போவதில்லை, ஆனால் வெளியே போகிற புடவை கட்டியிருந்தேன். கைப்பை தரையில் இருந்தது. அக்கா, பை தரையில் இருந்தது! காத்திருப்பைப் பற்றி நூற்று அறுபத்து நாலு பக்கம் எழுதியவள், கையேட்டில் என்னென்ன செய்வார்கள் என்று எழுதினேனோ அதையெல்லாம் வரிசையாகச் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சுவர் ஓடுகளை எண்ணினேன். பழைய பத்திரிகையில் எனக்குச் சம்பந்தமில்லாத விளம்பரம் படித்தேன். யாராவது வந்து, "இன்னும் கொஞ்ச நேரம்தாங்க" என்று பொய் சொன்னால்கூடப் போதும் போலிருந்தது.

ஏழாம் நாள் பொறுக்க முடியவில்லை. அலுவலகத்துக்குத்தானே போகக்கூடாது? எதிரே இருக்கிற ரொட்டிக்கடைக்குப் போகலாமே. அதன் மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் நம் அறை அப்படியே தெரியும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ரொட்டிக்கடைக்காரர், "என்ன மேடம், கண்வலியா?" என்று கேட்டுவிட்டு மெட்ராஸ் ஐக்குப் பயந்து தள்ளி நின்றார். எதிரே நான் கண்ட காட்சி என்ன தெரியுமா? விளக்கெல்லாம் எரிகிறது. டேப் என் மேசையில், என் மேசையில் அக்கா, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து வரைபடம் வரைகிறார். கோப்பம்மா போனில் பேசுகிறாள். பேசுகிறாள் என்றா சொன்னேன், கேட்டு எழுதிக்கொள்கிறாள். "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று தலையாட்டுவது கண்ணாடி வழியாகவே தெரிந்தது. பன்னிரண்டு வருஷத்தில் என்னிடம் அவள் ஒருதடவைகூட அப்படித் தலையாட்டியதில்லை. நான் ஒன்று சொன்னால், "பார்க்கலாம் மேடம்" என்பாள். எந்த மகராசியிடம் இப்படிப் பவ்யம் என்று நினைத்துக்கொண்டேன். வாடிக்கையாளராக இருக்கும். போனை வைத்துவிட்டு இருவரும் சிரித்தார்கள். நான் இல்லாத அலுவலகத்தில் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது?

சரி, சிரிக்கட்டும், வேலை எப்படி நடக்கிறது என்று நேரில் பார்த்துவிடுவோம் என்று பல் டாக்டரிடம் போனேன். எங்கள் பழைய வாடிக்கையாளர். உள்ளே பல்லைக் குடைகிற மெஷின் சத்தம் வெளியே கேட்டதும் பாதி நோயாளிகள் தங்கள் முறை வருவதற்குள் நைசாக எழுந்து ஓடிவிடுகிறார்கள், அதுதான் அவர் பிரச்சினை. அறைக்குச் சத்தம் தடுக்கும் கதவு போடலாமா என்று நான் நாலு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். போய் உட்கார்ந்தேன். கதவு மாறவில்லை. மெஷின் சத்தம் கேட்கிறது. ஒருவரும் ஓடவில்லை. எப்படி என்று பார்த்தால், வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் ஒரு நீளப் பதிவேட்டைத் திறந்துவைத்து, எழுந்து நின்று, கணீரென்று ஒவ்வொரு பேராகக் கூப்பிடுகிறாள். தொப்பையும் டையுமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனுஷர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, "உள்ளேன் அம்மா!" என்றார். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். அடுத்தவர், "உள்ளேன்." அதற்கடுத்தவர், "உள்ளேன்." என் முறை வந்தபோது, சொல்லக்கூடாது சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு ஓட முடியவில்லை அக்கா! அதுதான் அதிசயம். ஒருதடவை 'உள்ளேன்' என்று சொல்லிவிட்டால் காலை யாரோ கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. ஆரோக்கியமாக இருந்த கடைவாய்ப் பல் ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டு வீடு வந்தேன். பெரியவர்களுக்கு வருகைப் பதிவா? இது என் கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பள்ளிக்கூடப் பிள்ளைகளா அவர்கள்? நீ அங்கே இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

கேள், இன்னும் இருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் பார்க்கிற மிருக டாக்டர். அவரிடம் போக எனக்கு ஒரு மிருகம் வேண்டாமா? கீழ்வீட்டுக்காரியின் கிழட்டுப் பூனையைக் கெஞ்சி வாங்கிக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே எப்போதும் ஒரே களேபரம், ஒரு நாய் குரைத்தால் எல்லாம் குரைக்கும். தடுப்பு வைத்து நாய்க்கு ஒரு பக்கம், பூனைக்கு ஒரு பக்கம் என்று பிரிக்க வேண்டும் என்பது என் திட்டம், அதற்கு வரைபடம்கூட இருக்கிறது. இவர்கள் செய்திருப்பது என்ன? வாசலிலேயே ஒரு பெண் நின்று, "உங்க நாய் சேட்டை பண்ணுமா?" என்று கேட்கிறாள். பண்ணும் என்றால் அது முதல் வரிசையில், டாக்டரம்மா மேசைக்கு நேர் எதிரே, அவர் கண்பார்வையில். சாதுவெல்லாம் பின்னால். கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாய் முதல் வரிசையில் உட்கார்ந்து, டாக்டரம்மா நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் காதை மடக்கிக்கொள்கிறது. அறை நிசப்தம். என்னையும் கேட்டாள், "உங்க பூனை எப்படி?" சாதுதான் என்றேன். கூடைக்குள்ளிருந்து அது என் விரலைப் பிறாண்டியது. முதல் வரிசைக்கு அனுப்பப்பட்டேன். டாக்டரம்மா பூனையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூனைக்கு ஒண்ணுமில்லைங்க. உங்களுக்குத்தான் ஏதோ படபடப்பா இருக்கு" என்றார்.

இப்படியாக இருபத்தொரு நாள் கழிந்தது. ஒரு போன் இல்லை. நேற்று முன்தினம் எல்லோரும் அலுவலகத்தில் கூடினோம். என் அலுவலகத்தில் நான் விருந்தாளி மாதிரி வெளிப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தேன், ஏனென்றால் என் மேசையில் டேப்பின் வரைபடங்கள். நாற்காலிக்காரர் பேசப் பேச ஒப்பனைக்காரர் முகம் பெண்ணைப் பெற்றவர் முகம் மாதிரி மலர்ந்துகொண்டே போனது. எங்கள் இன்னொரு வாடிக்கையாளரின் வண்டி பழுது பார்க்கும் நிலையத்தில் ஜனங்கள் கவுண்டரை மொய்த்துக்கொண்டிருந்தார்களாம். இவர்கள் போய் ஒரு வெண்கல மணியை மாட்டிப் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அடிக்கவைத்தார்களாம். அடித்ததும் எல்லோரும் தானாக ஒரு நாற்காலி தள்ளி உட்கார்கிறார்களாம். நாற்காலிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் முப்பது வருஷமா நாற்காலி செய்யறேன். நாற்காலியில இருக்கறவங்களை இப்படி யாரும் நகர்த்திப் பார்த்ததில்லை. மேடம், நீங்க இல்லாம உங்க நிறுவனம் பிரமாதமா நடக்குது."

அக்கா, அவர் பாராட்டாகத்தான் சொன்னார். ஒப்பனைக்காரர் கைதட்டினார். தன் கண்ணெதிரே தன் நிழலுக்குச் சபையில் மாலை போட்டால் ஒருவர் எப்படி விழிப்பாரோ அப்படி விழித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் இறங்கிப் போன பிறகு கோப்பம்மாவிடம் கேட்டேன், கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"இருபத்தொரு நாள்ல ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடணும்னு தோணலையா?"

"கையேட்டுல இருந்தபடிதான் மேடம் நடந்தோம்."

"கையேட்டுல மணி எங்க இருக்கு? வருகைப் பதிவு எங்க இருக்கு?"

அவள் டேப்பைப் பார்த்தாள். டேப் தரையை அளந்துகொண்டிருந்தார், நாடா இல்லாமல்.

"எல்லாம் கையேட்டுலருந்து வந்ததுதான் மேடம்," என்று சொல்லிவிட்டு அவள் கோப்புகளுக்குள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து நான் தூங்கவில்லை. ஆத்திரம் யார் மேல் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். என்னை முதல் குறை என்று எழுதிய ஒப்பனைக்காரர் மேலா? அவர் எழுதியது நிரூபணமாகிவிட்டதே, அதன் மேலா? பதினைந்து வருஷமாக நான் இல்லாவிட்டால் இது நடக்காது என்று நினைத்துத்தான் நான் காலையில் எழுந்திருக்கிறேன், காய்ச்சல் வராமல் இருந்திருக்கிறேன், உன் வீட்டுக்கு வந்தால் மூன்றாம் நாளே கிளம்பியிருக்கிறேன். அத்தான் போனபோதும் பத்து நாள் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நாலாம் நாள் பஸ் ஏறினேன், ஏதோ ஒரு மருத்துவமனைக்கு அவசரம் என்று. அந்த மருத்துவமனையின் அவசரத்தைக் கோப்பம்மாவும் டேப்பும் ஒரு மணியை வைத்துத் தீர்த்திருப்பார்கள் என்று இப்போது தெரிகிறது. தெரிந்தால் நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை, கோபமாக இருக்கிறது. நியாயமில்லாத கோபம் என்று எனக்கே தெரிகிறது, அதனால் இன்னும் கோபமாக இருக்கிறது.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். விற்கப்போவதில்லை. நாற்காலிக்காரருக்கு மறுப்புக் கடிதம் எழுதி இதே மேசையில் வைத்திருக்கிறேன். நான் தேவைப்படாத இடமாக அது மாறிவிட்டது என்றால், திரும்பவும் போய் உட்கார்ந்து, எதையாவது குழப்பியாவது தேவைப்பட வைப்பேன். உன் மாடி அறையை எனக்காக வைத்திருக்க வேண்டாம். யாராவது நல்ல குடித்தனமாகப் பார்த்து வாடகைக்கு விட்டுவிடு. திரைச்சீலையோடு விட்டால் நல்ல ஆளாகக் கிடைப்பார்கள். உனக்கும்தான் இந்த மூன்று வாரமாக என்னோடு பேச நேரமில்லையே, நான் வந்து மாடியில் உட்கார்ந்து யாரோடு பேசுவது?

மழை பெய்தால் மாடிப்படியில் பார்த்து இறங்கு. மருந்துச் சீட்டைத் தொலைக்காதே. பெரியவள் என்று உன்னைக் கும்பிட்டு, சின்னவள் என்ற உரிமையில் உன்னோடு பேசாமல் இருக்கப்போவதைத் தெரிவித்து, இத்துடன் முடிக்கிறேன்.

உன் பேச்சைக் கேட்டு வீணாய்ப்போன
உன் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், திரும்பப் பிரித்து எழுதுகிறேன், கிழிசலைப் பொருட்படுத்தாதே. சற்று முன்னால் கோப்பம்மா வீட்டுக்கு வந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக. வாசல் நாற்காலியில் உட்கார்ந்தாள், பையை நேராகத் தரையில் வைத்தாள், எனக்கு விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டது. பையிலிருந்து கையேட்டை எடுத்து முதல் பக்கத்தைக் காட்டினாள். உரிமையாளரை எட்ட முடியாத நிலையில் கூப்பிட வேண்டிய நம்பர். என் கையெழுத்து. உன் நம்பர். "உங்களைக் கூப்பிடக்கூடாதுன்னா எட்ட முடியாத நிலைதானே மேடம்? முதல் நாளே கையும் ஓடலை, காலும் ஓடலை. அழுதுட்டேன். அதான் கூப்பிட்டேன்" என்றாள்.

அக்கா! இருபத்தொரு நாள் என் நிறுவனத்தை நடத்தியது நீ! காலை பத்தரைக்கு வேறொரு அழைப்பு என்பது என் அலுவலகம்! அந்த வருகைப் பதிவேடு உன்னுடையது, அந்த மணி உன்னுடையது, சேட்டை பண்ணுகிறவனை முதல் பெஞ்சில் போடு என்று முப்பத்தைந்து வருஷம் சொன்ன அதே வாயால் நாய்க்கும் சொல்லியிருக்கிறாய். 'பெஞ்ச் போடற வேலை' என்று என் தொழிலை இளக்காரமாகச் சொன்னதும் அந்த வாய்தான். தங்கச்சிக்குத் தெரிந்தால் ஓடி வந்து மேசையில் உட்கார்ந்துவிடுவாள், விற்க மாட்டாள், மூச்சு விடாதீர்கள் என்று வேறு சத்தியம் வாங்கியிருக்கிறாய். எனக்கு வரும் ஆத்திரத்துக்கு அளவில்லை, டேப்பைக் கூப்பிட்டுத்தான் அளக்கச் சொல்ல வேண்டும்.

நியாயம் நியாயம்தானே, நாற்காலிக்காரருக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். பரீட்சையில் என் அக்கா எழுதிக் கொடுத்திருக்கிறாள், செல்லாது என்றேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "உங்க அக்கா நம்பர் கிடைக்குமா மேடம்?" என்றார். கொடுக்க மாட்டேன் என்று வைத்துவிட்டேன். ஆக விற்பனை இல்லை, மறுப்புக் கடிதத்துக்கும் வேலையில்லை.

கோப்பம்மா கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள். முதல் ரெண்டு நாள் நீ ஏழெட்டுத் தடவை மணி அடித்த பிறகுதான் போனை எடுத்தாயாம், தூங்கி எழுந்த குரலாம். நாலாம் நாளிலிருந்து முதல் மணியிலேயே எடுத்தாயாம். நேற்று முன்தினம், பரீட்சை முடிந்துவிட்டது, இனிமேல் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம் என்று இவள் சொன்னதற்கு, "அப்ப நாளையிலருந்து கூப்பிட மாட்டீங்களா?" என்று கேட்டாயாம்.  அதைச் சொல்லத்தான் இவள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். யார் எங்கே எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அக்கா என் தொழில்.

மாடி அறையை வாடகைக்கு விடாதே. அதில் இரண்டு மேசை போடு, ஜன்னல் பக்கத்து மேசை எனக்கு. இங்கே கோப்பம்மாவும் டேப்பும் பார்த்துக்கொள்வார்கள். கையேட்டில் இருக்கிற நம்பர் அப்படியே இருக்கட்டும், அதை எடுக்க இனி ரெண்டு பேர். சனிக்கிழமை காலையில் வருகிறேன். சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்காதே, சண்டை போடத்தான் வருகிறேன். பெட்டி மூன்று இருக்கும், ஏனென்றால் இது சீக்கிரம் முடிகிற சண்டை இல்லை. நீ ஒன்று மட்டும் செய். நான் படியேறும்போது வாசலில் நின்று, அந்தப் பழைய குரலில், என் பேரைக் கூப்பிடு. 'உள்ளேன்' என்று சொல்லிவிட்டால் அப்புறம் என்னால் ஓட முடியாது.